இல்லமும் இயற்கையும்: மீனுக்கு உற்ற செடி எது?

சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்த மடல்களுள் இரண்டனை ஒருங்கே வைத்துப் படித்தோம். ஒன்று, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரியார் எழுதியது. ஏழாம் வகுப்பிற் பயிலும் தம் மகன் விரும்பினானென்று கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தாராம். மும்முறை நீர்ச்செடி வாங்கி நட்டார்களாம். மும்முறையும் பத்து நாளில் இலை கரைந்து அழுகிப் போயிற்றாம். “தன் கை பட்டாலே செடி பட்டுப் போகிறது என்று பையன் சொல்லுகிறான். செடி போனதைவிட அவன் அப்படி எண்ணுவதுதான் எனக்கு வருத்தமாயிருக்கிறது” என்று முடித்திருந்தார்.

மற்றொன்று மறையூர்ப் பக்கத்து அன்பர் ஒருவருடையது. அவர் தொட்டியிற் செடி செழிப்பாகத் தளிர்க்கின்றதாம். ஆனால் பொழுது விடிந்து பார்த்தால் காம்பு மட்டுமே நிற்கின்றதாம். “கெண்டை வளர்ப்பவனுக்குச் செடியே ஆகாதோ? ஆகாதெனில், எஞ்சிய செடியையெல்லாம் ஓடையில் விட்டுவிடலாமா?” என்பன அவர் வினாக்கள்.

இருவருக்கும் தனித்தனியே விடை எழுத எண்ணினோம். ஆயினும், மலைமேல் தோட்டக் குடியிருப்புகளிலும் பாலக்காட்டுச் சமவெளியிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இந்நாளில் மீன்தொட்டி இடம்பெற்றிருப்பதால், எல்லார்க்கும் பயன்படுமாறு ஈண்டே எழுதத் துணிந்தோம். ஓடையைப் பற்றிய வினாவிற்குக் கடைசியில் வருவோம். அவ்வினா தொட்டியைவிடப் பெரியது.

மீன்தொட்டி என்பது கூடத்தை அழகு செய்யும் கண்ணாடிப் பேழை மட்டும் அன்று. அது நாற்புறமும் சுவர் எழுப்பிய ஒரு சிறு குளம். குளத்தில் நடப்பனவெல்லாம் அதிலும் நடக்கும். மீன் விடும் கழிவிலும் எஞ்சிய இரையிலும் இருந்து அம்மோனியா பிறக்கின்றது. அது மீனுக்கு நஞ்சு, செடிக்கோ உணவு. பகலில் ஒளி பட்டபொழுது செடி கரியமில வாயுவை உட்கொண்டு பிராணவாயுவை நீரிற் கலக்கின்றது. குஞ்சுகளுக்கு மறைவிடம், கூச்சமுள்ள மீனுக்கு நிழல், முட்டைக்குத் தொட்டில் ஆகிய அனைத்தும் செடியே. ஆனால் இரவில் செடியும் மீனைப்போலவே பிராணவாயுவைத்தான் செலவிடும் என்பதைப் பலர் அறியார். செடி அளவுக்கு மிஞ்சி அடர்ந்தாலும், இறந்த இலை அழுகிக் கிடந்தாலும், விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அது பசியன்று, மூச்சுத் திணறல்.

இனி, எந்த மீனுக்கு எந்தச் செடி என்று பொருத்தம் பார்க்கவேண்டும். நீரின் வெப்பம், நீரின் தன்மை, ஒளி, ஓட்டம், மீனின் வாய் என்னும் ஐந்தும் ஒத்துவரவேண்டும். நான்கு ஒத்து ஒன்று ஒவ்வாதிருப்பினும் அந்த ஒன்றே குடியைக் கெடுத்துவிடும்.

முதலில் வெப்பம். நம் அன்பர்கள் வாழும் நிலம் விந்தையானது. மூணாற்றில் தை மாதத்து இரவு சிலவேளை உறைநிலையைத் தொடும். பாலக்காட்டுக் கணவாயிலோ பங்குனி சித்திரையில் வெப்பம் 40 பாகை செல்சியஸை எட்டும். ஒரே கடையில் வாங்கிய ஒரே செடி இவ்விரண்டிடத்தும் ஒருபடித்தாய் வளரும் என்று எதிர்பார்த்தல் தகாது. சூடேறிய நீரிற் பிராணவாயு குறைவாகவே கரையும். ஆதலின் சமவெளி அன்பர்கள் கோடையில் தொட்டியைச் சன்னலோரத்திலிருந்து அகற்றி, காற்றுக் குழாய் இட்டு, மீனின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ளல் நலம். மலையில் வாழ்வோர், குளிர் பொறாத மீன்களுக்குச் சிறிய வெப்பமூட்டி ஒன்று வைத்தாலன்றி வளர்க்க முற்படலாகாது.

அடுத்து நீரின் தன்மை. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழைமறைவு நிலம். அங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். பாத்திரத்திற் காய்ச்சினால் வெண்மையாகப் படியும். மலைமேல் ஊற்றுநீரோ மென்னீர், மழைநீரைப் போன்றது. வாலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற நீர்ப்புல்லும், ஹைட்ரில்லா என்னும் கொடிப்பாசியும் கடினநீரில் மகிழ்ந்து வளர்வன. அந்நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே தமக்கு வேண்டிய கரியைப் பெறவல்லவை அவை. மென்னீரில் அதே நாடாப்புல் மெலிந்துவிடக் காண்கிறோம். அங்கே ஜாவாப் பெரணியும், ஜாவாப் பாசியும், கிரிப்டோகோரைன் இனங்களும் நன்கு நிலைபெறும். தொட்டியில் இடும் கல்லையும் சோதித்தே இடல் வேண்டும். கல்லின்மேல் ஒரு துளி காடியை விட்டால் நுரைத்துப் பொங்குமாயின் அது சுண்ணாம்புக் கல், நீரைக் கடினமாக்கும். மென்னீர் மீனுக்கு அது ஆகாது. கிளிஞ்சலும் அத்தகையதே.

ஒளியைப் பற்றி ஒரு சொல். இடுக்கி மலைகளில் ஆனி முதல் ஆவணி வரை வானம் மூடியே கிடக்கும். அக்காலத்தில் சன்னல் ஒளியை நம்பிச் செந்நிற இலைச்செடிகளை நட்டால் அவை வாடுவது ஒருதலை. செவ்விலைச் செடிகள் பெரும்பாலானவற்றிற்கு மிகுந்த விளக்கொளி வேண்டும். அதற்கேற்பக் கரியமில வாயுவும் வேண்டும். எளிய இல்லத்திற்கு அவை ஏற்றனவல்ல. விளக்கிடுவோர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இட்டால் போதும். நாள் முழுதும் எரியவிட்டால் செடி வளர்வதற்கு முன் கண்ணாடியில் பச்சைப்பாசி வளரும்.

இனி மீனின் வாய்க்கு வருவோம். ஆறுகளிலும் ஏரிகளிலும் உள்ள கெண்டை இனங்கள் பெரும்பாலும் பாசியும் தளிரும் கொறிப்பவை. மலையாளத்தார் பூவாலிப் பரல் என்றழைக்கும் நீள்துடுப்புக் கெண்டையைக் கூட்டமாக விட்டால் மெல்லிலைச் செடிகள் தப்புவது அரிது. அவற்றுடன் தடித்த இலையுடைய அனுபியாஸ், ஜாவாப் பெரணி ஆகியவற்றையே வைக்க வேண்டும். இவ்விரண்டும் மண்ணில் ஊன்றத்தக்கவை அல்ல. கிடைமட்டமாய்ச் செல்லும் அவற்றின் தண்டை மண்ணில் புதைத்தால் அது அழுகிவிடும். கல்லிலோ மரவேரிலோ நூலாற் கட்டிவிட்டால் சில வாரங்களில் வேர் தானே பற்றிக்கொள்ளும். தங்கமீன் வளர்ப்போரும் இம்முறையையே கைக்கொள்க. தங்கமீன் தின்பது பாதி, தோண்டுவது பாதி. ஊன்றிய செடியை மிதக்கவிட்டு வேடிக்கை பார்க்கும்.

பள்ளத்தி என்னும் மஞ்சட் சிறுமீன் நம் நாட்டுக் குளங்களுக்கும் கழிகளுக்கும் உரியது. தாயும் தந்தையும் சேர்ந்து முட்டையைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடலிற் சுரக்கும் பசையைக் கொறித்து வளரும். சிறுவர்க்குக் காட்டத்தக்க காட்சி இது. ஆனால் முட்டையிடும் பருவத்தில் அது மணலைக் குழியாகத் தோண்டும். ஆதலின் செடியைச் சிறு மண்தொட்டியில் நட்டு வாய்ப்புறத்தைக் கூழாங்கற்களால் மூடி வைக்கவேண்டும். உப்புநீரிலும் வாழும் மீனென்று கருதிச் சிலர் தொட்டியில் உப்பிடுவர். நன்னீர்ச் செடிகள் பல அவ்வுப்பைத் தாங்கா. உப்பையோ செடியையோ, ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும். இதன் பெரிய உறவான கரிமீனைக் கேரள அரசு 2010-இல் மாநில மீனாக அறிவித்தது. அது செடி தின்னும் மீன், உருவிலும் பெரியது. வீட்டுத் தொட்டிக்கு உரியதன்று.

மானத்துக்கண்ணி என்பதை நம்மவர் பலரும் வயலோரத்து வாய்க்காலிற் கண்டிருப்பர். வானத்தை நோக்கிய கண்ணுடையது என்பது அம்மலையாளப் பெயரின் பொருள். நீரின் மேற்பரப்பிலேயே உலவிக் கொசுப்புழுவை உண்ணும் நன்மீன் அது. அதற்கு மேலே மிதக்கும் செடியின் நிழலும், முட்டையை ஒட்டிவைக்க நுண்ணிலையும் வேண்டும். செரட்டோபில்லம் என்னும் கொம்புப்பாசியும் ஜாவாப் பாசியும் அதற்குப் போதும். நன்றாய்த் துள்ளும் மீனாதலின் தொட்டிக்கு மூடி இன்றியமையாதது.

மலைநாட்டு மீன்களுள் உலகெங்கும் பெயர்பெற்றது ஒன்றுண்டு. வெள்ளியுடலில் கருங்கோடும், அதன்மேல் முகத்திலிருந்து பாதியுடல் வரை ஓடும் செங்கோடும் உடைய அதனைச் செங்கணியான் என்பர். வணிகர் மிஸ் கேரளா என்பர். சென்னைப் படையில் மருத்துவராயிருந்து மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே என்பார், திருவிதாங்கூர் மலைப்பகுதியான முண்டக்கயத்து மீனைக் கொண்டு 1865-இல் இதனை உலகிற்கு அறிவித்தார். அந்நாளில் சென்னை ஆளுநராயிருந்த டெனிசன் பெயரையே அதற்கு இட்டார். சாலக்குடியாற்றில் வாழும் அதன் உடன்பிறப்பினம் 1999-இல் தனியாக வகைப்படுத்தப்பட்டது. 2013-இல் இவ்விரண்டிற்கும் சஹ்யாத்ரியா என நம் மலைத்தொடரின் பெயராலேயே புதுப்பேரினம் அமைத்தனர் அறிஞர்.

பெயர் பெற்றதே அம்மீனுக்குத் தீங்காய் முடிந்தது. 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து அருகிவரும் 30 வகை நன்னீர் மீன்களில் 15 இலட்சத்திற்கும் மேற்பட்டவை அயல்நாட்டுத் தொட்டிகளுக்கு ஏற்றுமதியாயின என்றும், அவற்றுள் பெரும்பங்கு பெற்றவற்றில் இச்செங்கோட்டு மீனும் ஒன்று என்றும் ஆராய்ந்தோர் கணக்கிட்டனர். கேரள அரசு 2008-இல் இதனைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆகவே, ஆற்றிலிருந்து இதனைப் பிடித்துவரல் கூடாது. பண்ணையிற் பொரித்த குஞ்சேயாயினும், வளர்க்கக் கருதுவோர் இன்றைய சட்டத்தை வனத்துறை, மீன்வளத்துறை அலுவலகங்களிற் கேட்டறிந்தபின் வாங்குக. பறம்பிக்குளம், பெரியாறு, சின்னாறு போன்ற காப்புக் காடுகளுக்குள் எந்த மீனையும் பிடிக்க எண்ணுதலே தவறு.

இம்மீனின் இயல்பு எல்லா மலையோடை மீனுக்கும் பாடமாகும். பாறையிடையே விரைந்தோடும், பிராணவாயு நிறைந்த குளிர்ந்த நீர் அதன் தாயகம். கூட்டமாக வாழும், ஓயாது நீந்தும். ஆறு மீனுக்குக் குறையாமல் விடவேண்டும்; நான்கடி நீளத் தொட்டியாவது வேண்டும். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும். அதாவது கல்லும் கண்ணாடியும் நீங்கலாகவே 250 கிலோ எடை. தோட்டக் குடியிருப்பின் பலகை மேசை அதனைத் தாங்காது. இத்தகைய மீனுக்குத் தொட்டியின் நடுவிடத்தை வெறுமையாய் விட்டு, பின்புறத்திலும் ஓரங்களிலும் மட்டும் ஓட்டத்திற்கு அசைந்து கொடுக்கும் செடிகளை வைக்கவேண்டும். பாறையிற் கட்டிய பெரணியும் பாசியும் அவற்றுள் தலையாயவை. மலையோடைக் கரைகளில் வேரூன்றி நிற்கும் லாஜெனாந்திரா என்னும் நீர்ச்சேம்பினமும் நம் மலையில் வளரும் அழகிய செடி. ஆனால் அதனைக் காட்டிலிருந்து பிடுங்காது, நாற்றங்காலில் வளர்த்ததையே வாங்கவேண்டும்.

இனிக் கொழிஞ்சாம்பாறைச் சகோதரியாரின் மகனுக்கு விடை கூறுவோம். தம்பி, உன் கையில் குற்றமில்லை. கடைக்கு வரும் நீர்ச்செடிகளிற் பல, நாற்றங்காலில் வேர் மட்டும் நீரிலும் இலை வெளிக்காற்றிலுமாக வளர்க்கப்பட்டவை. அவற்றை முழுதும் நீரில் அமிழ்த்தியவுடன் காற்றுக்கென முளைத்த பழைய இலைகள் கரைந்துபோகும். நீருக்கென முளைக்கும் புதிய இலைகள் பின்னர் வரும். கிரிப்டோகோரைனை இடம் மாற்றினாலே இலையை உதிர்த்துவிடும், வேர் உயிரோடிருக்கும். பத்தாம் நாளில் நீ பிடுங்கி எறிந்தபோது, ஒருவேளை மண்ணுக்குள் புதுத்தளிர் புறப்பட்டுக்கொண்டிருந்திருக்கலாம். அழுகிய இலையை மட்டும் கிள்ளி எடு. வேரை அசைக்காதே. ஒரு திங்கள் பொறுத்திரு. உங்கள் ஊர் நீர் கடினநீராயின், நாடாப்புல்லையும் கொம்புப்பாசியையும் முதலில் வை. குழாய்நீரில் குளோரின் இருப்பின் ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து பின் ஊற்று. செடி வேரூன்றிய பிறகே மீனை விடு; அதுவும் ஓரிரண்டாக.

புதுச்செடியை அப்படியே தொட்டியில் இடுதல் கூடாது. இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு நீரிற் பத்து நிமிடம் வைத்து, நல்ல நீரில் அலசியபின் நட்டால் நத்தை முட்டையும் நோய்க்கிருமியும் பெரிதும் நீங்கும். செடியுள்ள தொட்டியில் தாமிரம் கலந்த மருந்துகளை இடற்க. நத்தையோடு செடியும் வாடும்.

மறையூர் அன்பருக்கு: கெண்டைக்குச் செடி ஆகும், மெல்லிலைச் செடிதான் ஆகாது. கல்லிற் கட்டிய பெரணியும் அனுபியாஸும் வையுங்கள். வெந்நீரில் வாட்டிய கீரையையும் வெள்ளரித் துண்டையும் நாள்தோறும் சிறிது கொடுத்து, எஞ்சியதை மாலையில் எடுத்துவிடுங்கள். பசி தீர்ந்த கெண்டை தளிரைத் தேடுவது குறையும்.

அவரது கடைசி வினாவிற்கு வருகின்றோம். அதற்கு விடை கூறுமுன் எம் குற்றமொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், நெம்மாறைப் பக்கத்து மலையடிவாரத்தில் நாம் குடியிருந்தபோது முதன்முதலில் தொட்டி வைத்தோம். நகரத்துக் கடையொன்றில், சிறு பச்சைச் செவிகள் போல் மிதக்கும் செடியொன்றை அழகென்று வாங்கினோம். சில வாரங்களில் அது மேற்பரப்பை மூடிற்று. கீழே நட்ட செடிகள் ஒளியின்றி அழுகின. ஒரு விடியலில் மீன்களும் இறந்து மிதந்தன. மனம் வெறுத்து, தொட்டியைத் தூக்கிச்சென்று பின்புறத்து வாய்க்காலிற் கவிழ்த்தோம். அன்றோடு அதை மறந்தும் போனோம்.

அடுத்த மழைக்காலம் கழிந்தபின், வாய்க்கால் சென்று சேரும் சிறுகுளம் பச்சைப்பாய் விரித்தாற்போல் கிடந்தது. பெண்கள் துணி துவைக்கப் பாயை விலக்கினால் கீழே கருநீர் நாறிற்று. பக்கத்து வீட்டுக் கன்றொன்று புல்லென்று கால் வைத்து உள்ளே விழுந்தது. நால்வர் கூடி இழுத்துக் கரையேற்றினர். அச்செடியைக் கண்டவுடனே நமக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லத்தான் இரண்டு நாளாயிற்று. பின்னர் ஊரார் கூடி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுதும் மூங்கிற் கழியால் வாரிக் கரையேற்றினோம். எவரும் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. ‘தெரியாமற் செய்ததுதானே’ என்றார் கன்றுக்கு உரியவர். வெளியூரிலிருந்து வந்து குடியேறிய நமக்கு அச்சொல் ஏச்சினும் உறைத்தது.

அது சால்வினியா. மலையாள நாட்டார் ஆப்பிரிக்கன் பாயல் என்பர். உண்மையில் பிரேசில் நாட்டது. அதற்கு வித்து வேண்டா. ஒடிந்த துண்டே வித்து. ஏற்ற காலத்தில் ஒரு வாரத்திற்குள் இரட்டிக்கும். கேரளத்து வயல்களையும் கால்வாய்களையும் அது மூடிப் படுத்திய பாட்டை முதியோர் அறிவர். 1980-களில் அதனையே தின்னும் சிறு கூன்வண்டொன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்டபின்னரே பெருமளவு அடங்கிற்று. தொட்டிக்கென விற்கப்படும் கபோம்பாவும் அத்தகையதே. 2020-இல் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப்பாண்டியில் நீர் முழுதும் இளஞ்சிவப்பாகப் பூத்ததென்று மக்கள் திரள் திரளாகச் சென்று கண்டது அச்செடியைத்தான். கண்ணுக்கு விருந்து, நீருக்கு நோய். மீனும் அவ்வாறே. 2018 பெருவெள்ளத்திற்குப் பின் கேரள ஆறுகளில் அராபைமா போன்ற அயல்நாட்டு மீன்கள் அகப்பட்டன. அவை வளர்த்த இடங்களிலிருந்து வெள்ளத்தோடு வெளியேறியவை.

மறையூர் அன்பர் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். கேரளத்தின் ஆறுகள் நாற்பத்து நான்கு. அவற்றுள் மூன்றே கிழக்கு நோக்கிப் பாய்வன; கபினி, பவானி, பாம்பாறு. பவானி பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடி வழியே செல்கின்றது. பாம்பாறு இடுக்கி மாவட்டத்து மறையூர் வழியே செல்கின்றது. பாம்பாறு அமராவதியாகி உடுமலைக்கும் கரூருக்கும் போகும். பவானியும் அமராவதியும் காவிரியிற் கலக்கும். நாம் இங்கே பிழைக்க வந்தோம். நம் வாசலில் ஓடும் நீரோ, நாம் விட்டுவந்த ஊருக்குப் போகின்றது. இங்கே ஓடையில் எறியும் ஒரு பிடிச் செடி, அங்கே அண்ணன் தம்பியர் வயலுக்குப் பாயும் மடையை அடைக்கக்கூடும்.

ஆதலின் அவர் வினாவிற்கு விடை, வேண்டா என்பதே. மிகுந்த செடியைப் பாறைமேற் பரப்பிச் சருகாக உலர்த்தி, வாழைக்குழியில் எருவாக இடுக. தொட்டி கழுவிய நீரை ஓடையில் ஊற்றாது தோட்டத்து மண்ணில் ஊற்றுக; செடிக்கு அது நல்ல உரம். வளர்க்க இயலாத மீனை ஆற்றில் விடுவது அறமென்று எண்ணற்க. வேறொருவர் தொட்டிக்குக் கொடுக்க.

கொழிஞ்சாம்பாறைத் தம்பி ஒரு திங்கள் கழித்து நமக்கு எழுதுவான் என்று நம்புகின்றோம். தளிர் வந்தாலும் எழுதுக, வாராவிடினும் எழுதுக. வேரை மட்டும் பிடுங்காதிருப்பானாக.